கொக்கின் முழங்கால் எங்கே?

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் காலை அமர்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாக் குழுவினர் என்னைப் பள்ளி நினைவுகள் பற்றித்தான் பேசக் கேட்டார்கள். நினைவுகளைச் சொல்ல என்னிலும் மூத்த அக்காமார் பலர் இங்கே இருக்கிறார்கள். நானோ முப்பது வருடங்களுக்கு மேல் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவள். பேச்சைவிடப் பாடம் எடுப்பதுதான் எனக்குக் கைவந்தது. ஒரு பாடம் எடுக்கட்டுமா என்று கேட்டேன், சம்மதித்தார்கள். ஆகவே இன்றைக்குப் பறவையின் கால் பற்றி ஒரு பாடம். பரீட்சை கிடையாது, பயப்படாதீர்கள்.

நேற்றும் இன்றும் பொன்னாலைத் தாம்போதியால் வந்தவர்கள் இருபக்கமும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மெலிந்த இடங்களில் கொக்கு நிற்கும். அதற்குச் சற்றுத் தள்ளி, கருஞ்சிறகும் வெள்ளை உடலும் ஊசி போன்ற அலகுமாக, உடம்புக்குப் பொருத்தமே இல்லாத நீளத்தில் இளஞ்சிவப்புக் கால்களோடு ஒரு சிறு பறவை கூட்டமாக மேயும். புத்தகங்களில் அதற்கு நெடுங்கால் உள்ளான் என்று பெயர். அது நடப்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். காலின் நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது. அது பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு மடிகிறது. எங்களுடைய முழங்கால் முன்பக்கம் துருத்தும். "கொக்குக்கு முழங்காலைக் கடவுள் மாறி வைத்துவிட்டார்" என்று சின்ன வயதில் நாங்கள் பேசிக்கொண்டதுண்டு. பெரியவர்கள் பலரும் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கடவுள் ஒன்றையும் மாறி வைக்கவில்லை. நாங்கள் பார்ப்பது முழங்காலே அல்ல, அது கணுக்கால். பறவையின் முழங்கால் உடம்போடு ஒட்டி, இறகுக்குள் மறைந்து இருக்கிறது. அது எங்களுடையதைப் போலவே முன்பக்கமாகத்தான் துருத்துகிறது. கணுக்காலுக்குக் கீழே நீண்டு தெரியும் தண்டு எங்கள் உள்ளங்கால் இருக்கும் பகுதி. பறவை விரல்களில் மட்டும் நின்று நடக்கிறது, குதி எப்போதும் நிலத்தில் படாமல் உயரத்தில் நிற்கிறது. பிள்ளைகளே, எழும்பி நில்லுங்கள். குதியை உயர்த்தி விரல் நுனியில் நின்று, முழங்காலை நன்றாக மடித்து, கதிரையில் இருக்கப் போகிறவர் போலப் பதியுங்கள். உங்கள் தொடை இப்போது நிலத்துக்குச் சமாந்தரமாக முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறதல்லவா? அதுதான் கோழி நிற்கிற நிலை. எங்களுக்கு ஒரு நிமிடத்தில் கால் நடுங்கும். கோழிக்கு அது ஓய்வு. சரி, இருங்கள்.

இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. உங்கள் குசினியே போதும். கோழிக்கறிக்கு வெட்டும்போது வரும் தொடைத் துண்டில் ஒரு குட்டையான தடித்த எலும்பு இருக்கிறது. அது தொடையென்பு. நாங்கள் "கோழிக்கால்" என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு எடுத்து வைக்கும் துண்டு உண்மையில் கால் அல்ல, கணைக்கால். அதன் நீண்ட எலும்பு, கணைக்கால் உள்ளென்பும் கணுக்கால் எலும்புகளில் மேல்வரிசையும் ஒன்றாக ஒட்டி உண்டானது. அந்தத் துண்டின் கீழ்முனையில் உருண்டையாக இரண்டு மேடு தெரியும். அது பிள்ளைகள் கடித்துச் சூப்பும் இடம். கோழியின் கணுக்கால் மூட்டின் மேற்பாதி. அதற்குக் கீழே வெட்டி எறியும் செதில் போர்த்த தண்டில், கணுக்கால் எலும்புகளின் கீழ்வரிசையும் மூன்று அனுகணுக்கால் எலும்புகளும் சேர்ந்து ஒரே எலும்பாகிவிட்டன. எங்கள் கணுக்காலிலும் உள்ளங்காலிலும் ஒரு டசின் எலும்பு தனித்தனியாகக் கிடக்கிற இடத்தில், பறவைக்கு ஒரேயொரு எலும்புதான்.

அடுத்த முறை சாப்பிடும்போது கணைக்கால் எலும்பின் வெளிப்பக்கம் தேடிப் பாருங்கள். ஊசி போல ஒரு மெல்லிய எலும்பு, மேலே தடித்து, கீழே வரவர ஒடுங்கி, பாதி வழியில் காணாமற் போகும். பிள்ளைகளின் தொண்டையில் குத்திவிடும் என்று நாங்கள் பார்த்துப் பார்த்து எடுத்துவிடுகிற அதே ஊசி. அது கணைக்கால் வெளியென்பு. முட்டைக்குள் குஞ்சு உருவாகும் ஆரம்ப நாட்களில் அது உள்ளென்புக்குச் சமமான நீளம் இருக்கிறது. பிறகு வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது, பக்கத்து எலும்பு அதைத் தாண்டி வளர்ந்துவிடுகிறது. பறவைகளின் முன்னோரான தைனோசர்களுக்கு அந்த எலும்பு கணுக்கால் வரை முழுதாக இருந்தது.

விரல்களையும் எண்ணச் சொல்லுவேன். கோழியின் பின்விரலில் இரண்டு எலும்பு, உட்பக்க விரலில் மூன்று, நடுவிரலில் நான்கு, வெளிப்பக்க விரலில் ஐந்து. 2, 3, 4, 5. எந்த வகுப்பில் இதைச் சொன்னாலும் அடுத்த நாள் இரண்டு மூன்று பிள்ளைகள் வீட்டுக் கோழியின் காலைப் பிடித்து எண்ணிவிட்டு வருவார்கள். அந்தப் பிள்ளைகள்தான் பிறகும் படிப்பார்கள் என்பது என் அனுபவம்.

எலும்பு, என்பு என்று நான் மாறி மாறிச் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். எலும்பு எங்கள் வாய்ச்சொல், என்பு பாடப்புத்தகச் சொல். வள்ளுவர் காலத்திலேயே இருந்த சொல். உடலமைப்பு நூல்களைத் தமிழில் ஆக்கும் வேலை எங்கள் தாம்போதிக்கு அந்தப் பக்கம், வட்டுக்கோட்டைக்கும் அப்பால் மானிப்பாயில்தான் பெரிய அளவில் தொடங்கியது. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். 1860களில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தன் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். அந்த நாளில் உடற்கூற்றியலுக்கு அவர்கள் வைத்த பெயர் அங்காதிபாதம். எனக்கு அந்தப் பழைய சொல் பிடிக்கும். எங்கள் பாடத்துக்கும் பொருந்தும், பாதத்தில்தானே நிற்கிறோம்.

இனித் தசைகளுக்கு வருவோம்.

அதே கோழிக்கால் துண்டைக் கையில் எடுங்கள். இறைச்சி எங்கே இருக்கிறது? மேலே திரண்டு பருத்து, கீழே வரவர ஒடுங்கி, முனையில் வெள்ளை நார்களாக முடிகிறது. அந்த நார்கள்தான் தசைநாண்கள். கணுக்காலுக்குக் கீழே, செதில் போர்த்த தண்டில், இறைச்சி என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் இல்லை. எலும்பு, நாண், இரத்தக் குழாய், நரம்பு, தோல். அவ்வளவுதான். ஆனால் விரல்கள் மடிகின்றன, விரிகின்றன, கிளறுகின்றன, பிடிக்கின்றன. அவற்றை இழுக்கும் பெருந்தசைகள் எல்லாம் மேலே, முழங்காலைச் சுற்றியும் தொடையிலும் இருக்கின்றன. சைக்கிளில் பிறேக் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கை பிடிப்பது மேலே ஹான்டிலில். கட்டை போய் உராய்வது கீழே சில்லில். நடுவில் ஓடுவது ஒரு கம்பி, அதற்கு ஓர் உறை. பறவையின் காலும் அதே ஏற்பாடு.

ஏன் அப்படி? வீசி நடக்கிற பொருளின் நுனியில் பாரம் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் செலவு கூடும். கனடாவிலிருந்து வந்தவர்களுக்கு இது தெரியும்: பனிக்காலத்துப் பெரிய சப்பாத்தைப் போட்டு ஒரு மைல் நடந்தால் தொடை நோகும். அதே பாரத்தை இடுப்பில் கட்டியிருந்தால் அவ்வளவு தெரியாது. பறவை தன் காலின் பாரத்தை எல்லாம் இடுப்புக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, கீழே நாணை மட்டும் அனுப்புகிறது. பறக்கும்போதும் அந்தப் பாரம் உடம்பின் நடுவில் இருப்பது நல்லது.

எலும்பைத் தடவிப் பார்த்தால் எந்தத் தசை எங்கே பிடித்திருந்தது என்று விரலுக்கே தெரியும். மேடு இருக்கும் இடத்தில் ஒரு தசை பிடித்திருக்கும். வழுவழுப்பான வாய்க்கால் இருக்கும் இடத்தில் ஒரு நாண் ஓடியிருக்கும். கணைக்கால் எலும்பின் மேல்முனையில் முன்பக்கமாக ஒரு முகடு துருத்திக்கொண்டு இருக்கும். தொடையின் முன்பக்கத் தசைகள் முழங்காற் சில்லு வழியாக வந்து அங்கே பிடித்து, முழங்காலை நீட்டுகின்றன. அதே முகட்டிலிருந்து கீழ்நோக்கிப் புறப்படும் தசை ஒன்று பாதத்தை மேலே தூக்குகிறது. இன்னொன்று விரல்களை விரிக்கிறது. குளங்களில் மாரியில் முக்குளிப்பான் வந்து மூழ்குமே, அதன் கணைக்கால் எலும்பைப் பார்த்தால் இந்த முகடு கோழியினதைவிட மிகப் பெரிதாக இருக்கும். காலை உதைத்தே தண்ணீருக்குள் போகிற பறவைக்கு உதைக்கும் தசை பெரிது. பெரிய தசைக்குப் பெரிய பிடி வேண்டும். பறவையைக் காணாமலே எலும்பை மட்டும் பார்த்து, இது நீந்தியதா, ஓடியதா, கிளையில் இருந்ததா என்று சொல்கிறவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்.

எங்கள் கெண்டைக்கால் தசைக்கு நேரான தசை பறவைக்கும் உண்டு. அதற்கு மூன்று தலை: இரண்டு தொடையென்பின் கீழ்முனையிலிருந்தும், ஒன்று கணைக்கால் எலும்பின் மேல்முனையிலிருந்தும் புறப்பட்டு, ஒரே தடித்த நாணாகி, கணுக்காலின் பின்பக்க வாய்க்காலால் இறங்கி, கீழ்த் தண்டின் மேல்முனையில் பிடிக்கிறது. எங்கள் குதிநாண் மாதிரித்தான். இந்த வாய்க்காலை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும். முன்பக்கத்தில் இன்னும் ஓர் அழகு. கோழியின் கணைக்கால் எலும்பின் கீழ்முனைக்குச் சற்று மேலே, எலும்பாலேயே ஆன ஒரு சிறு பாலம் இருக்கிறது. விரல்களை விரிக்கும் நாண் அந்தப் பாலத்தின் கீழால் போகிறது. பாலம் இல்லாவிட்டால் காலை மடிக்கும்போது நாண் எலும்பை விட்டு எழும்பி வில்லின் நாண் மாதிரி நின்றுவிடும். எலும்பைச் சுத்தமாக்கி ஒரு நூலை அந்தத் துளைக்குள்ளால் கோர்த்துப் பாருங்கள். தையல் தெரிந்த எல்லோருக்கும் முடியும். வான்கோழி வாட்டுகிற நாடுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு காட்சி. அதன் கணைக்கால் இறைச்சிக்குள் ஈர்க்கில் போன்ற பல எலும்புகள் அகப்படும். அவை பிறப்பில் எலும்புகள் அல்ல. நாண்களே வயதோடு சுண்ணம் ஏறி எலும்பாகிவிட்டன.

சின்ன வயதில் வெட்டிய கோழிக்காலை வைத்து விளையாடாதவர்கள் இங்கே எத்தனை பேர்? வெட்டு வாயில் தெரியும் வெள்ளை நாணைப் பிடித்து இழுத்தால் விரல்கள் மடியும், விட்டால் விரியும். தங்கச்சியைப் பயப்படுத்த அதைவிடச் சிறந்த சாமான் கிடையாது. அந்த விளையாட்டில் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. பறவை கிளையில் இருந்து நித்திரை கொள்ளும்போது ஏன் விழுவதில்லை?

இத்தாலியரான பொறெல்லி என்பவரின் நூல், அவர் இறந்த பிறகு 1680இல் வெளிவரத் தொடங்கியது. அதில் ஒரு விடை இருந்தது. விரலை மடிக்கும் நாண்கள் முழங்காலையும் கணுக்காலையும் சுற்றி ஓடுகின்றன; பறவை குந்தும்போது மூட்டுகள் மடிகின்றன; மூட்டு மடிந்தால் நாண் இழுபடும்; நாண் இழுபட்டால் விரல் தானாகவே கிளையைப் பற்றும். பறவையின் பாரமே பிடியை இறுக்குகிறது, தசைக்கு வேலையே இல்லை. அழகான விடை. முந்நூறு வருடங்களுக்கு மேலாகப் பாடப்புத்தகங்கள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிவந்தன. இதற்கென்றே ஒரு தசையையும் காட்டினார்கள். அது இடுப்பில் புறப்பட்டு, முழங்காலின் முன்பக்கத்தைக் கடந்து, மறுபக்கம் போய் விரல் மடக்கும் தசைகளோடு சேரும். ஆங்கிலேயரான கரொட் 1870களில் அந்தத் தசை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே பறவைகளை வகுக்கப் பார்த்தார். ஆனால் ஒரு சிக்கல். காகம், மைனா, குருவி ஆகிய கிளைப் பறவைகளின் பெருங்கூட்டத்துக்கே அந்தத் தசை கிடையாது. கிளையில் மிக நன்றாக நித்திரை கொள்ளும் பறவைகள் அவைதான்!

2012இல் கால்ரன், ஷெப்பேட் என்ற இருவர் செய்ததைத்தான் நான் பிள்ளைகளுக்கு விரும்பிச் சொல்வேன். நித்திரை கொள்ளும் பறவையை அவர்கள் நேரே பார்த்தார்கள். எங்கள் மைனாவின் உறவான ஐரோப்பிய மைனாவை 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள கொம்பில் இருக்கவிட்டுப் பார்த்தார்கள். நித்திரையில் அதன் முழங்காலும் கணுக்காலும் கொஞ்சம்தான் மடிந்திருந்தன. விரல்களின் பெரும்பகுதி கொம்பைப் பற்றவே இல்லை. பாதம் ஒரு சேணம் மாதிரிக் கொம்பின்மேல் கவிழ்ந்திருக்க, பறவை நடுப்பாதத்தின் மெத்தையில் பாரத்தை வைத்துச் சமநிலையில் இருந்தது. இறுக்கிப் பிடித்தது விழித்திருந்த நேரத்தில்தான், அதுவும் தசையைக் கொண்டுதான். நாண் இழுபட்டால் விரல் மடிவது உண்மை. கோழி நடக்கையில் தூக்கிய காலின் விரல்கள் மடிவதை முற்றத்திலேயே பார்க்கலாம். விரல் நாணின் அடியிலுள்ள சிறு முடிச்சுகளும் உறையின் வரிகளும் ஒன்றில் ஒன்று பற்றிக்கொள்ளும் பூட்டு ஒன்றும் பல பறவைகளில் உண்டு. இரையைப் பிடிக்கவும் தொங்கவும் அது உதவும். வௌவாலும் அப்படியொரு பூட்டில்தான் தலைகீழாகத் தொங்குகிறது. ஆனால் நித்திரையில் விழாமல் இருப்பதன் கதை நாங்கள் படித்ததைவிட மெல்லியது: அது பிடியல்ல, சமநிலை. முந்நூறு வருடம் எல்லோரும் எலும்பைப் பார்த்து ஊகித்தார்கள். நித்திரை கொள்ளும் பறவையைப் போய்ப் பார்க்க ஆட்கள் வேண்டியிருந்தது.

ஒற்றைக் காலில் நிற்பதும் அப்படித்தான். மன்னார்ப் பக்கம் பூநாரைக் கூட்டம் பார்த்தவர்கள் அது மணிக்கணக்காக ஒரு காலில் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். 2017இல் அமெரிக்காவின் அற்லான்ராவில் சாங், ரிங் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், இறந்த பூநாரை ஒன்றின் உடலை ஒற்றைக் காலில் நிறுத்தினார்கள். அது நின்றது. உயிரற்ற தசை ஒன்றும் செய்ய முடியாது. மூட்டுகளும் பாரமும் தாமாகவே ஒரு நிலையில் பொருந்திக்கொண்டன. இரண்டு காலில் நிறுத்தப் பார்த்தபோது அப்படி நிற்கவில்லை. ஒற்றைக் கால் எங்களுக்குத் தவம். பூநாரைக்கு அதுதான் சோம்பல்.

கடும் குளிரில் ரொறன்ரோ ஏரிக்கரையில் வாத்து வெறுங்காலோடு பனிக்கட்டியில் நிற்பதைப் பற்றியும் போன கிழமை ஒரு பேரப்பிள்ளை தொலைபேசியில் கேட்டது. விடை நாங்கள் இதுவரை பேசியதிலேயே இருக்கிறது. அந்தக் காலில் சூடாக வைத்திருக்க வேண்டிய தசை இல்லை. கீழே இறங்கும் சூடான இரத்தக் குழாயும் மேலே ஏறும் குளிர்ந்த குழாயும் ஒட்டி ஓடுவதால், சூடு பாதத்துக்குப் போகுமுன்னே உடம்புக்குத் திரும்பிவிடுகிறது.

இனி ஊருக்கு வேண்டிய காரியம்.

இந்தத் தீவில் கோழி வளர்த்து வீட்டுச் செலவைப் பார்க்கும் பெண்கள் பலர். தனியாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்களில் உண்டு. கோழிக்குக் கால் போனால் கோழி போனது. தண்ணீருக்கும் தீனிக்கும் போக முடியாது, மற்றவை கொத்தும். அதனால் கால் எப்படிக் கெடுகிறது என்பது அவர்களுக்கு வெறும் விலங்கியல் அல்ல.

முதலாவது, புதுக் குஞ்சு. பெட்டிக்குள் கடதாசி விரித்து விடுகிறோம். கடதாசி வழுக்கும். பொரித்து ஓரிரு நாளான குஞ்சின் தொடை மூட்டையும் முழங்காலையும் தாங்கும் தசையும் இணையங்களும் இன்னும் இறுகவில்லை. கால்கள் இரு பக்கமும் சறுக்கி விரியும். அப்படியே விரிந்தபடி வளர்ந்துவிடும். கடதாசியின் மேல் ஒரு சாக்குத் துண்டு போடுங்கள், விரல் பற்றிக்கொள்ளும். விரிந்த குஞ்சை முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கண்டால், மெல்லிய ஒட்டுநாடாவால் இரண்டு காலையும் இயல்பான அகலத்தில் நிற்கும்படி சேர்த்துக் கட்டிவிடலாம். சில நாளில் நேராகும். ஒரு கிழமை பொறுத்துக் கட்டினால் பயன் குறைவு.

இரண்டாவது, நான் ஞாபகம் வைக்கச் சொன்ன அந்த வாய்க்கால். வளரும் குஞ்சின் தீனியில் மங்கனீசு, கோலின் போன்றவை குறைந்தால் எலும்பு குட்டையாகத் தடித்து வளைகிறது. கணுக்காலின் பின்பக்க வாய்க்கால் ஆழமின்றிப் போகிறது. ஒரு நாள் அந்தத் தடித்த நாண் வாய்க்காலை விட்டுப் பக்கமாக நழுவிவிடும். கணுக்கால் வீங்கி, கால் வெளியே திரும்பி, குஞ்சு அந்த மூட்டிலேயே குந்தித் தவழும். நழுவிய நாண் பெரும்பாலும் திரும்ப நிலைக்காது. வெறும் குறுநலும் சோறும் போட்டு அடைத்து வளர்ப்பதில் இந்த ஆபத்து உண்டு. தவிட்டில் மங்கனீசு நிறைய இருக்கிறது. முற்றத்தில் திரிந்து கிளறும் குஞ்சுக்கு இது வருவது குறைவு. இறைச்சிக் கோழிக்கு வேறொரு துன்பம். இறைச்சி கூடும் வேகத்துக்கு எலும்பு இறுகுவதில்லை; ஒரு பிள்ளையின் காலில் பெரிய ஆளின் பாரத்தை ஏற்றிய மாதிரி.

மூன்றாவது, முட்டைக் கோழி. இது பெண்கள் சபையில் கட்டாயம் சொல்ல வேண்டியது. ஒரு முட்டைக் கோதில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. அதைக் கோழி எங்கிருந்து எடுக்கிறது? தீனியிலிருந்து, போதாவிட்டால் தன் கால் எலும்பிலிருந்து. பேடு முட்டைக்கு வரும் பருவத்தில், தொடையென்பிலும் கணைக்கால் எலும்பிலும் உள்ள குழிக்குள் புதிதாக ஒரு மெல்லெலும்பு படிகிறது. சேவலுக்கு அது கிடையாது. அது எலும்பின் பலத்துக்காக அல்ல, முட்டைக் கோதுக்கான சேமிப்பு. கோது பெரும்பாலும் இரவில்தான் கட்டுப்படுகிறது. அந்நேரம் குடலில் தீனி இல்லை, சேமிப்பைக் கரைக்கிறது. பகலில் தின்றதில் மீதி வைத்து நிரப்புகிறது. நிரப்ப வழியில்லாத கோழி தன் உரமான எலும்பையே கரைக்கத் தொடங்கும். பிறகு ஒரு நாள் கூட்டிலிருந்து குதிக்கும்போது கால் முறியும். 2005இல் மேரி சுவைற்சர் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளரும் குழுவினரும் ஒரு பெரும் தைனோசரின் தொடையென்புக்குள் இதே மெல்லெலும்பைக் கண்டார்கள். ரெக்ஸ் என்று பிள்ளைகள் ஆணாகவே நினைத்துப் பயப்படுகிற அந்த மிருகம், முட்டையிடும் பருவத்திலிருந்த ஒரு பெண்! எங்கள் கடற்கரையில் சிப்பி குவிந்து கிடக்கிறது. கழுவிக் காயவைத்து, மாவாக்காமல் நொறுக்கி, தனிச் சிரட்டையில் வையுங்கள். பருக்கையான துண்டு இரைப்பையில் தங்கி இரவு முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மாவு மாலைக்குள் போய்விடும். வேண்டிய கோழி வேண்டிய அளவு தானே கொத்திக்கொள்ளும்.

கடைசியாகத் தங்கூசி.

கரையில் அறுந்த தங்கூசி வலையும் நூலும் கிடக்காத இடம் இப்போது குறைவு. அதற்குள் கொக்கும் உள்ளானும் மேய்கின்றன. நூல் சிக்குவது செதில் போர்த்த அந்தத் தண்டில். அங்கே இறைச்சி இல்லை என்று சொன்னேன். இறைச்சியுள்ள இடத்தில் நூல் இறுகினால் கொஞ்சமாவது இடம் கொடுக்கும். இங்கே தோலுக்கு அடுத்து நாண், குழாய், எலும்பு. பறவை காலை இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும், இரத்தம் நிற்கும். விரல்கள் வீங்கிக் கறுத்து உதிரும். பாரிஸ் நகரப் புறாக்களுக்கு விரல் இல்லாமற் போவதை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். நூலும் மனிதத் தலைமயிரும் சிக்குவதுதான் காரணம் என்றும், சிகை அலங்கார நிலையங்கள் கூடிய பகுதிகளில் அது கூடுதலாகத் தெரிகிறது என்றும் சொன்னார்கள். அங்கே மயிர், இங்கே தங்கூசி.

கால் சிக்கிய பறவையைக் கண்டால் நூலைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் ஒரு துணியால் தலையை மூடுங்கள். கண் மறைந்தால் அடங்கும். நீண்ட அலகுள்ளவை கண்ணில் குத்தும், முகத்தைத் தூரத்தில் வையுங்கள். ஒருவர் உடம்பை இறக்கையோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் கணுக்காலுக்குக் கீழே தண்டைப் பிடித்து, கூர்மழுங்கிய சிறிய கத்தரிக்கோலின் ஒரு அலகை நூலுக்கு அடியில் மெதுவாக நுழைத்து வெட்டுங்கள். ஒரு சுற்று எடுத்துவிட்டு விடக்கூடாது. விரல்களுக்கு இடையிலும் செதிலுக்கு அடியிலும் மீதிச் சுற்று பதிந்திருக்கும். காலின் பின்பக்கம் வெட்டும்போது கவனம், விரல் மடக்கும் நாண்கள் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. அது அறுந்தால் திரும்பப் பொருந்தாது.

மண்டபத்தின் வலப்பக்க மேசையில் ஒரு ஊர்க்கோழியின் இரண்டு கால் எலும்புகளையும் கழுவி, பெயர் எழுதி வைத்திருக்கிறேன். நாண் பாலத்துக்குள்ளால் கோர்க்க நூலும் இருக்கிறது. தேநீர் நேரத்தில் வந்து தொட்டுப் பாருங்கள். பெரியவர்களை முன்னால் விடாதீர்கள், பிள்ளைகள் முதலில். மெல்லிய வெளியென்பை மட்டும் கவனமாகத் தூக்குங்கள், என்னிடம் இரண்டுதான் இருக்கிறது.